கொண்டையில் ஒரு சிவப்புப் பென்சில்

பெட்டியின் மூடியைத் திறக்கிறார். உள்ளே வரிசையாக நிற்கும் இருபத்தைந்து தோட்டாக்களின் பித்தளைத் தலைகளை ஆள்காட்டி விரலால் ஒரு முறை தடவுகிறார். ஒன்றை மட்டும் உருவி, அடியில் பதிந்திருக்கும் எண்ணைப் படித்துவிட்டுத் திரும்ப வைக்கிறார். பிறகு கை தலைக்குப் பின்னால் போகிறது. கொண்டையில் செருகியிருக்கும் சிவப்புப் பென்சிலை உருவி, மூடியின் வலது மூலையில் ஒரு டிக் போடுகிறார். பென்சில் மறுபடி கொண்டைக்குப் போகிறது. அடுத்த பெட்டி.

முப்பது வருடமாகக் குமுதா இதைச் செய்துகொண்டிருக்கிறார். தொழிற்சாலையிலிருந்து சீல் வைத்து வந்த புதுப் பெட்டியாயிற்றே, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று ஒரு நாள் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அவங்க பாத்தது அவங்களுக்கு. நான் பாத்தது எனக்கு" என்றார். தூண்டில் முள்ளை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.

நான் அந்தக் கடைக்குத் தூண்டில் முள் வாங்கத்தான் போகிறேன். பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கும் ஒரு கோப்பிக் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கும் கடை. முன் பாதியில் தூண்டில், நைலான் நரம்பு, ஈயக் குண்டு. பின் பாதியில் கம்பிக் கதவு, அதற்கு அப்பால் துப்பாக்கியும் தோட்டாவும். நம் ஊரில் துப்பாக்கி உரிமம் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. பழத்தோட்டமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமும் வைத்திருக்கிறவர்களில் சிலருக்குக் குரங்கையும் காட்டுப்பன்றியையும் விரட்டக் கொடுத்திருக்கிறார்கள். வருடத்துக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதும் உரிமத்திலேயே இருக்கும். அந்தத் தாளைப் பார்த்து, எழுதி, எண்ணிக் கொடுப்பது குமுதாவின் வேலை. முதலாளி எழுபதைத் தாண்டிய சீனர். பிற்பகலில் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். கடை குமுதாவின் கையில்தான் ஓடுகிறது.

ஐம்பத்திரண்டு வயது. குள்ளமான உருவம். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. முதலாளியிடம் ஹொக்கியன் சீனமும், மலாய்க்காரர்களிடம் மலாயும், என்னிடம் தமிழும் பேசுவார்; திட்டுவதானால் மூன்றையும் கலந்துகொள்வார். துப்பாக்கிக் கடையில் இத்தனை காலம் இருந்தவர் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நான் நம்புகிறேன். "நான் எதுக்குச் சுடணும்? எனக்கு எந்தப் பன்னியோட சண்ட?" என்பார்.

கடையின் வெளிக்கதவு தானாகத் திறக்காது. உள்ளேயிருந்து அவர் பொத்தானை அமுக்கினால்தான் வரவும் முடியும், போகவும் முடியும். கண்ணாடிக்கு வெளியே ஆள் நின்றால் குமுதா முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்ப்பார். பாதுகாப்புக்காக என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அது அரைப் பதில்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

அவரிடம் இன்னொரு விநோதம் உண்டு. 'ஓகே' என்று சொல்லமாட்டார். பினாங்கில் ஓகே சொல்லாமல் ஒரு நாளைத் தள்ளுவது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். பாலிக் பூலாவில் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் இத்ரீஸுக்கு இது பெரிய விளையாட்டு. தோட்டாப் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஓகே கா, காக்?", அதாவது ஓகேதானா அக்கா, என்று வேண்டுமென்றே கேட்பார். குமுதா பெட்டியைத் திருப்பி மூலையில் இருக்கும் சிவப்பு டிக்கை விரலால் தொட்டுக் காட்டுவார். வாயைத் திறக்கமாட்டார். இத்ரீஸ் தோற்றுப்போய்ச் சிரித்துக்கொண்டே போவார். இது பல வருட ஆட்டம்.

வீட்டிலும் இதே சட்டம்தான் என்று அவருடைய மகள் ஷர்மினி சொல்லியிருக்கிறாள். ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீடு. கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. சமையலறையில் பெயர் ஒட்டாத டப்பா இருக்கக்கூடாது. பக்கத்து வீட்டிலிருந்து மசாலாத் தூள் வந்தால், யார் அரைத்தது, எந்தக் கடை மல்லி, எப்போது வறுத்தது என்று விசாரணை நடக்கும். பதில் சரியில்லை என்றால் தூள் குப்பைக்குப் போகும். மாத்திரை அட்டையில் தேதி இருக்கும் பக்கம் கிழிந்திருந்தால் தலைவலியோடு படுத்துக்கொள்வாரே தவிர, போடமாட்டார். "எங்கம்மா வீட்டுல ஊறுகாய்க்குக்கூட பர்த் சர்டிபிகேட் வேணும் அங்கிள்" என்று ஷர்மினி சொல்லிச் சிரித்தாள். குமுதாவும் சிரித்தார். ஆனால் ஊறுகாய் பாட்டிலில் டிக் இருந்தது.

அந்த வீட்டில் நாலாவது ஆளாக, இப்போது மூன்றாவது ஆளாக, குமுதாவின் அண்ணன் ராமதாஸ் இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நல்ல கலகலப்பான மனிதர். அவருடைய வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான் உண்டு. கோப்பிக் குவளையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் குடிப்பார். "மில்லுல மிஷின்ல போச்சு" என்று நானும் கேட்டிருக்கிறேன், தெருவும் கேட்டிருக்கிறது. புது ஆட்கள் வந்தால் அந்தக் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொள்வார்.

போன ஆண்டு ஷர்மினிக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பேச்சு என்றால் பெரியவர்கள் பார்த்து வந்ததில்லை; பத்து காவான் என்ற ஊரில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்யும் புவனேஸ்வரனை அவளே நாலு வருடமாகப் பார்த்து வைத்திருந்தாள். பையனின் அப்பா மோகனராஜும் அம்மா ரமணியும் தாசேக் கெலுகோரிலிருந்து வந்து முறைப்படி பெண் கேட்டார்கள். ராமதாஸின் கை அன்றும் துண்டுக்குள்தான் இருந்தது. மில், மிஷின் என்ற அதே கதை அங்கேயும் சொல்லப்பட்டது. மோகனராஜ் ஓய்வு பெற்றபின் மூன்று ஏக்கரில் செம்பனைக் கன்று போட்டிருக்கிறார். துப்பாக்கி உரிமமும் உண்டு. சம்பந்தியம்மாள் துப்பாக்கிக் கடையில் வேலை செய்கிறார் என்று தெரிந்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை. நான் நரம்புச் சுருளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன், இத்ரீஸ் தன் முறைக்குக் காத்திருந்தார். மோகனராஜ் உள்ளே வந்தார். கையில் ஒரு நீல நிற பிஸ்கட் டின். ஓரமெல்லாம் துரு.

"தங்கச்சி, ஒரு சின்ன வேல. இதப் பாத்து ஒரு ஓகே மட்டும் சொல்லிடுங்க, நான் கெளம்பிடுறேன்."

குமுதா மேசைமேல் ஒரு பச்சைத் துணியை விரித்தார். டின்னைக் கவிழ்க்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தோட்டாக்கள். சிவப்பு, பச்சை, என்ன நிறம் என்றே சொல்ல முடியாதபடி வெளுத்தவை. சிலது பிளாஸ்டிக், சிலது பழைய காலத்துக் காகித உறை.

"எங்கண்ணே வாங்குனது?"

"வாங்கல. விஸ்வலிங்கம் ஐயாவோடது. தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற பெரிய கிராணியா இருந்தாரே, யாழ்ப்பாணத்துக்காரரு, அவுங்க. எனக்கு வேட்டை பழக்கிவிட்டதே அவருதான். போன மாசம் தவறிட்டாரு. துப்பாக்கிய போலீஸ் பாலாய்ல ஒப்படைச்சிட்டாங்க. இந்த டின்னு அலமாரி மேல இருந்துச்சாம். அவரு சம்சாரம் தவமணி அம்மா என்னக் கூப்ட்டு, 'உன்னிலதான் அவருக்கு விருப்பம், கொண்டு போ'ன்னு குடுத்தாங்க."

"அவருக்கு யாரு குடுத்தாங்க?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுல்ல" என்றார் குமுதா, கோபமில்லாமல். எடுத்து வைப்பதை நிறுத்தவில்லை.

மோகனராஜ் என் பக்கமும் இத்ரீஸ் பக்கமும் திரும்பி நியாயம் சொல்ல ஆரம்பித்தார். பத்து நாளில் நாற்பது கன்றுகளைப் பன்றி கிளறிப் போட்டுவிட்டது. குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடுகிறது, கன்று பிழைப்பதில்லை. இந்த வருடத்துக்கு உரிமத்தில் உள்ள தோட்டாவெல்லாம் தீர்ந்துவிட்டது. கூடுதலாகக் கேட்டு மனுப் போட்டால் எப்போது வரும் என்று தெரியாது. மறுநாள் ஞாயிறு, ஆட்கள் நாயோடு வருகிறார்கள். "சாமி குடுத்த மாதிரி இது வந்துச்சு லா" என்று முடித்தார். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அவர்மேல் எனக்கு இரக்கமாகத்தான் இருந்தது.

துணியில் மூன்று வரிசை ஆகியிருந்தது. குமுதா முதல் வரிசையைத் தொட்டார். "இதெல்லாம் ஈரம் குடிச்சிருக்கு. ஒறை உப்பிப்போச்சு, பித்தளையில பச்சை ஏறியிருக்கு." இரண்டாம் வரிசை. "இது யாரோ பிரிச்சு, உள்ள எதையோ போட்டு, மெழுகு ஊத்தி மூடுனது. உள்ள என்னா இருக்கு, எவ்ளோ இருக்குன்னு மூடுன ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆளு யாருன்னு நமக்குத் தெரியாது." மூன்றாம் வரிசையில் ஒன்றே ஒன்று. வெளுத்துப்போன ஒரு காகிதத் தோட்டா, மற்றவற்றைவிடக் கொஞ்சம் ஒல்லி. அவர் அதைக் கண்ணருகே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விஸ்வலிங்கம் ஐயா நாப்பது வருஷம் இதத்தானே சுட்டாரு? ஒன்னும் ஆகலியே!"

"அவரு சுட்டது இதுல இல்லண்ணே. சுட்டதெல்லாம் தீந்துபோச்சு. இது அவரு சுடாம வச்சது. ஏன் சுடாம வச்சாருன்னு கேட்டீங்களா?"

மோகனராஜ் டின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்ரீஸுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவரும் துணியருகே வந்து குனிந்து பார்த்தார்.

குமுதா எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த ஒரு குழலை எடுத்து வந்தார். பழுதான பழைய துப்பாக்கிக் குழல். உள்ளே தெரிகிறாற்போல் ஒரு பக்கம் நீளவாக்கில் அறுத்தது. வெகு நாளாக அங்கே தொங்குகிறது. அலங்காரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இழுப்பறையிலிருந்து சுட்டு முடித்த இரண்டு காலி உறைகளை எடுத்தார். "உங்களுது டுவெல்வ் போர். இது டுவென்டி போர். நம்பர் பெருசானா தோட்டா சின்னது." ஒல்லியான உறையைக் குழலின் பின்வாயில் விட்டார். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போய், நாலு விரல் தூரத்தில் 'தட்'டென்று நின்றது. "இப்ப விசைய இழுத்தா வெடிக்காது. தொறந்து பாத்தா வாய் காலியாத்தான் தெரியும். போட மறந்துட்டோம்னு நெனைப்பீங்க." தடித்த உறையைப் பின்னால் வைத்தார். அளவெடுத்தது போல உட்கார்ந்தது. அறுத்த பக்கம் வழியாக எல்லாரும் பார்த்தோம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் இருக்கும் இடத்தில், சுடுகிறவனின் இடது கை பிடிக்கும் பக்கமாக, குமுதா விரலால் இரண்டு முறை தட்டினார். "பின்னால உள்ளது வெடிச்சா முன்னால உள்ளதுல மோதி, கொழலு இங்க பொளந்துக்கும்" என்றார்.

"பாலாய்ல கொண்டுபோய்க் குடுத்துடுங்கண்ணே. லைசென்ஸ்ல இல்லாத தோட்டா கையில இருந்தாலே கேஸு."

அந்தக் கடைசி வார்த்தை வேண்டாமாயிருந்தது. மூன்றாம் மனிதர்கள் எதிரில், சம்பந்தம் பேசிய இடத்தில், 'கேஸ்'. மோகனராஜின் முகம் சிவந்துவிட்டது.

"நான் என்ன திருடிட்டா வந்தேன்? செத்துப்போன மனுஷன் ஞாபகமா குடுத்தது. பொண்ணு கேட்டு வந்த எடத்துல இப்படிப் பேச்சு வாங்குவேன்னு நெனைக்கல."

தோட்டாக்களை அள்ளி டின்னில் போட்டார். ஒல்லியானதும் அதில் விழுந்தது. கதவருகே போய் நின்றார். குமுதா பொத்தானை அமுக்கினால்தான் கதவு திறக்கும். அவருடைய விரல் பொத்தான்மேல் இருந்தது, அமுக்கவில்லை. மோகனராஜ் திரும்பிப் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு கதவு திறந்த சத்தம் கேட்டது.

பத்து நிமிடத்தில் ஷர்மினியின் தொலைபேசி வந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து அதற்குள் செய்தி போயிருந்தது. "என்னம்மா சொன்னீங்க அங்கிள்கிட்ட?" என்று அவள் அழுதது எனக்கே கேட்டது. குமுதா, "பாத்ததச் சொன்னேன்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

இத்ரீஸ் போனபின், கலைந்து கிடந்த தூண்டில் முட்களை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டே அவர் சொன்னார். "எங்கண்ணன் கை மிஷின்ல போகலங்க."

நான் நரம்புச் சுருளைக் கீழே வைத்தேன்.

ராமதாஸ் இருபத்தைந்து வயதில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஜாகாவாக, அதாவது காவல்காரராக, இருந்தார். தோட்டத்துத் துப்பாக்கி அவர் கையில் இருக்கும், தோட்டா மட்டும் அளந்துதான் வரும். வேலையை விட்டுப் போன யாரோ ஒருவர், சும்மா கிடக்கிறது என்று ஒரு பை தோட்டாவைக் கொடுத்துவிட்டுப் போனார். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது ராமதாஸ் அந்தப் பையைத் தங்கையிடம் காட்டினார். தங்கை துப்பாக்கிக் கடையில் வேலை செய்கிறாள் அல்லவா? தங்கைக்கு இருபத்தொரு வயது. முன் பாதியில் தூண்டில் விற்றுக்கொண்டிருந்தாள். தெரியாது என்று சொல்ல வெட்கம். அண்ணன் பெருமையாகக் கேட்கிறான். ஒன்றிரண்டை எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"ஓகே லான்னு சொன்னேங்க" என்றார் குமுதா.

அடுத்த வாரம் கை போயிற்று. கணக்கில் வராத தோட்டா என்று தெரிந்தால் போலீஸ், வேலை, எல்லாம் வம்பு. மில், மிஷின் என்ற கதை அப்போது கட்டியது. அண்ணன் அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. முப்பத்தொரு வருடமாகச் சொல்லிக் காட்டாத ஒரு மனிதரோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படி இருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

"சம்பந்தி வீட்டுலயும் மிஷினுன்னுதான் சொல்லி வச்சிருக்கோம். இப்ப போயி உண்மையச் சொன்னா, பொய் சொல்லிப் பொண்ணு குடுக்கப் பாத்தாங்கன்னு ஆகும். ஏற்கெனவே கோவம். கல்யாணம் நின்னாலும் நின்னுரும். எம் பொண்ணு என்னை மன்னிக்கமாட்டா." கடைசி முள்ளைப் பெட்டியில் போட்டு மூடினார். "சொல்லலன்னா நாளைக்கு அவரு அதச் சுடுவாரு. உங்ககிட்ட கெரேத்தா இருக்குல்ல? தெரியாத கெரேத்தாவுல நான் ஏறமாட்டேன்."

என் கார் பழைய கார், இன்னொருவரிடமிருந்து வாங்கியது. யாரிடம் வாங்கினேன், பிரேக் எப்போது பார்த்தேன் என்று அந்த நிலையிலும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் பாலத்தின்மேல் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் என் பக்கத்தில் ராமதாஸ், பின்னால் கைப்பையை மடியில் வைத்துக் குமுதா. ராமதாஸ் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை இரவே தங்கை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். அதற்கு அவர் கேட்டதெல்லாம், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதுதானாம்.

மோகனராஜ் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. நாய்கள் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தன. அவர் ஐந்தடியில், அந்த முன் தாழ்வாரத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் துப்பாக்கியை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நீல டின். மூடி திறந்திருந்தது. எங்கள் காரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

குமுதா இறங்கவில்லை. "நீ போண்ணே" என்றார்.

ராமதாஸ் இறங்கிப் போய், எதிர்த்தாற்போல் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். "கோப்பி கெடைக்குமா அண்ணே?" என்று கேட்டார். பெண் வீட்டுக்காரர் கேட்டால் இல்லையென்று எப்படிச் சொல்வது? ரமணி கொண்டுவந்து நீட்டினார். ராமதாஸ் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் குவளையை வாங்கினார். வெறும் கை. மோகனராஜ் அந்தக் கையை அன்றுதான் முழுதாகப் பார்க்கிறார். துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது.

"மில்லுல மிஷின்லன்னு சொன்னாங்க..."

"மில்லு இல்ல. பொய் சொன்னோம். இந்த மாதிரி ஒரு பை தோட்டாதான்." ராமதாஸ் ஒரு வாய் குடித்தார். "விசைய இழுத்தேன், வெடிக்கல. தொறந்து பாத்தேன், காலியா இருந்துச்சு. போட மறந்துட்டேன்னு நெனச்சு இன்னொன்னு போட்டேன். எடது கை ஆளு நானு, கொழல வலது கையாலதான் புடிப்பேன். அப்புறம் ஆஸ்பத்திரியிலதான் கண்ணு முழிச்சேன்."

ராமதாஸ் குவளையைக் கீழே வைத்தார்.

"எந் தங்கச்சிகிட்டக் காட்டிக் கேட்டுட்டுத்தான் சுட்டேன். சின்னப் பொண்ணு அது, தெரியாம ஓகேன்னுடுச்சு. நான் அதக் குத்தமா நெனைக்கல. அதுதான் நெனைக்குது. நேத்து உங்ககிட்ட அது மரியாத இல்லாமப் பேசியிருந்தா மனசுல வச்சுக்காதீங்க. உங்களப் பாத்துப் பேசல. என்னப் பாத்துப் பேசியிருக்கு."

கார் கண்ணாடி இறக்கியிருந்தது, இதெல்லாம் எங்களுக்குக் கேட்டது. நான் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. குமுதா மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. அண்ணன் வாயால் அவர் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை. எனக்கும் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை.

ரமணி இன்னொரு குவளையோடு காரருகே வந்தார். "எறங்கி வரலாமில்ல?" என்றார். குரலில் வரவேற்பா வருத்தமா என்று பிரிக்க முடியவில்லை. "நிச்சயம் முடியட்டும் அக்கா. அப்புறம் வந்து சாப்புடுறேன்" என்றார் குமுதா. ரமணி குவளையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

மோகனராஜ் எங்களை வழியனுப்ப எழுந்து நின்றார், அவ்வளவுதான். டின்னின் மூடி திறந்தபடியே இருந்தது.

அன்று தாசேக் கெலுகோரில் விபத்து ஒன்றும் நடக்கவில்லை என்பது மறுநாள் தெரிந்தது. வேட்டைக்குப் போனார்களா, எந்தத் தோட்டாவைக் கொண்டு போனார்கள் என்பது தெரியவில்லை. அவர்கள் வீட்டிலிருந்து தொலைபேசி வருவதும் நின்றுவிட்டது. ஷர்மினி அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். குமுதா வழக்கம்போல ஒன்பது மணிக்குக் கடை திறந்தார், பெட்டிகளைத் தடவினார், டிக் போட்டார். இத்ரீஸ் வந்தார், ஓகே கா என்று கேட்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆள் நிழல் பட்டால் குமுதா கையை மட்டுமல்ல, முகத்தையும் பார்க்க ஆரம்பித்திருந்தார். அவர் எதிர்பார்த்த ஆள் வரவில்லை.

பதினேழாம் நாள் ரமணி கூப்பிட்டார். நாள் பார்த்தாயிற்று, அடுத்த மாதம் முதல் ஞாயிறு, தட்டு எத்தனை என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். டின்னைப் பற்றி அவர் எடுக்கவில்லை. குமுதாவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று என்னிடம் நாலு முறை சொன்னார்.

நிச்சயதார்த்தத்துக்கு நானும் போயிருந்தேன். அடுக்குமாடியின் கீழ்த்தளத்துப் பொதுக்கூடம். குமுதா அரக்குப் பட்டு கட்டி, கொண்டையைச் சுற்றி மல்லிகை வைத்திருந்தார். மல்லிகைக்கு நடுவே சிவப்புப் பென்சில். ஷர்மினி காலையிலேயே அதை உருவி மேசையில் வைத்தாளாம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடி கொண்டையில். "இன்னிக்கு மட்டுமாவது விடக்கூடாதா அங்கிள்?" என்று என்னிடம் முறையிட்டாள். அம்மாவும் மகளும் மறுபடி பேசிக்கொள்வதே எனக்குப் போதுமாக இருந்தது.

வாசலில் மோகனராஜ் என்னைத் தனியே இழுத்தார். "தவமணி அம்மாகிட்டப் போயி கேட்டேன் லா, ஐயா ஏன் அந்த டின்ன சுடாம வச்சாருன்னு." அவர் சிரித்தார், ஆனால் நன்றாகச் சிரிக்கவில்லை. "அந்தம்மா என்னா சொல்லுது தெரியுமா? 'அது கூடாத சாமான், ஒருத்தரும் தொடப்படாது எண்டுதான் அவர் மேல வச்சவர். நீ வேட்டைக்காரன்தானே, உனக்குத் தெரியும் எண்டு நான் நினைச்சன்.'" கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். டின் என்ன ஆயிற்று என்று நான் கேட்க முடியவில்லை.

தட்டு மாற்றும் நேரம் வந்தது. ஒரு பக்கம் மோகனராஜும் ரமணியும். எதிரே, ஷர்மினியின் அப்பா இடத்தில் ராமதாஸ், பக்கத்தில் குமுதா. ராமதாஸின் தோளில் துண்டு இருந்தது, கை வெளியே இருந்தது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், பழம் அடுக்கிய தட்டை மோகனராஜ் நீட்டினார். நீட்டும்போது கட்டைவிரலால் வெற்றிலை அடுக்கைக் கொஞ்சம் ஒதுக்கினார். அடியில் நாலாக மடித்த ஒரு காகிதம்.

குமுதா அதை எடுத்துப் பிரித்தார். தட்டு மோகனராஜின் கையிலேயே நின்றது. ஐயர் தொண்டையைக் கனைத்தார். யாரோ ஒரு பெரியம்மா, "என்னா அது, சீர் லிஸ்டா?" என்று பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். அது பாலாயில் கொடுத்த ஒப்புகைச் சீட்டு. பெட்டி ஒன்று, தோட்டா இத்தனை, ஒப்படைத்தவர் பெயர், முத்திரை. குமுதா பட்டுச் சேலையோடு கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கடையில் படிப்பது போலவே, மேலிருந்து கீழ்வரை, விரல் வைத்துப் படித்தார். பன்னிரண்டு போர் என்ற வரியைத் தாண்டி, இருபது போர், ஒன்று என்ற வரிக்கு வந்தபோது விரல் நின்றது. தேதிக்குப் போனார். நாங்கள் அவர் வீட்டுக்குப் போய் வந்த அதே ஞாயிற்றுக்கிழமையின் தேதி.

கூடத்தில் அத்தனை பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள். மோகனராஜ் கனமான தட்டை நீட்டியபடியே நின்றார். பத்து விரலும் விளிம்பைப் பிடித்திருந்தன.

குமுதாவின் கை தலைக்குப் பின்னால் போனது. மல்லிகைக்குள்ளிருந்து பென்சிலை உருவி, சீட்டின் வலது மூலையில் ஒரு டிக் போட்டார். பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டார். அதன் பிறகுதான் தட்டை வாங்கினார்.